ஏ.ஏ. கூட்டம்: பக்கத்து ஊரிலா, நாகர்கோவிலிலா, போனிலா?

ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசி ஒருவருக்கொருவர் கைகொடுக்கிற அமைப்பு. குடியை நிறுத்த அந்தக் கூட்டம் தேடுகிறவர்களுக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் முதலில் வரும் யோசனை, எங்கே போனால் தெரிந்தவர் கண்ணில் படாமல் இருக்கலாம் என்பதுதான். நானும் அங்கேதான் தொடங்கினேன். கருங்கல் பக்கம் வீடு, வயரிங் வேலை, சுற்றுவட்டாரத்தில் பாதி வீட்டுக்குள் ஏறி இறங்கியவன். அதனால் நடந்து போகிற தூரத்தில், சர்ச் வளாகத்து அறையில் ஒரு கூட்டம் நடப்பது தெரிந்தும் அதை விட்டுவிட்டு நாகர்கோவிலுக்குப் போனேன். ஐந்து மாதம். பிறகு பக்கத்துக் கூட்டத்துக்கே மாறினேன், இது மூன்றாவது வருடம்.

அடிப்படையில் எல்லாக் கூட்டமும் ஒன்றுதான். 1935-ல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது. குடியிலிருந்து மீள வழிகாட்டும் அதே பன்னிரண்டு படிகள், கட்டணம் கிடையாது, குடியை விட வேண்டும் என்ற ஆசை மட்டும் போதும். காசு போடும் பை சுற்றி வரும்போது இருந்தால் போடலாம். சர்ச் அறையில் நடப்பதால் அது சர்ச் கூட்டம் என்று நினைத்துப் பலர் தயங்குகிறார்கள், ஏ.ஏ. எந்த மதத்தோடும் சேர்ந்ததில்லை, இடம் மட்டும்தான் அவர்களுடையது.

நாகர்கோவிலில் நல்லது என்னவென்றால், ஆள் அதிகம். பல வருடமாகக் குடிக்காதவர்களை வரிசையாகப் பார்க்கும்போது நம்மாலும் முடியும் என்று தோன்றும். யாரும் ஊர் பேர் கேட்பதில்லை. முதல் சில மாதம் எனக்கு அது தேவைப்பட்டது, மறுக்கவில்லை.

ஆனால் கூட்டம் ஒன்றரை மணி நேரம், பஸ்சுக்குக் காத்து நின்று போக வர இரண்டரை மணி நேரம், அந்த இரண்டரை மணி நேரமும் நான் தனியாள். அதுவும் சாயங்காலம், எனக்குக் கை பரபரக்கிற அதே நேரம். ஐந்தாம் மாதம் ஒரு ஐப்பசி மழையில் நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் பஸ்சை விட்டுவிட்டேன். அடுத்த பஸ் வருவதற்குள் குடித்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் எல்லோரும் பேசியதைக் கேட்டுவிட்டு வந்த கையோடு.

ஒரு வாரம் கழித்துப் பக்கத்துக் கூட்டத்துக்குப் போனேன். உள்ளே முதல் நாற்காலியில் இருந்தவர், நான் லைன் இழுத்துக் கொடுத்த வீட்டுக்காரர். ஒன்றும் கேட்கவில்லை. கட்டன் சாயா ஊற்றினார், பாதி டம்ளர் மட்டும். எல்லோருக்கும் நிறைய ஊற்றியவர் எனக்கு மட்டும் ஏன் குறைத்தார் என்று வாங்கும்போதுதான் புரிந்தது, என் கை அப்படி நடுங்கியது. யாராவது பார்த்துவிடுவார்களே என்ற பயம் அன்றோடு போயிற்று. நான் ரோட்டோரம் விழுந்து கிடந்ததை ஊரே பார்த்திருக்கிறது. திருந்தப் போவதை மட்டும் யாரிடம் மறைக்கிறேன்?

எனவே என் கட்சி பக்கத்துக் கூட்டம்தான், காரணமும் ஒன்றே ஒன்று: மோசமான நாளில் போய்ச் சேர முடிய வேண்டும். சனிக்கிழமை கூலி கையில் இருக்கும்போது, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வெளியே இறங்கும்போது, நாகர்கோவில் ரொம்ப தூரம். அந்தச் சாயா கொடுத்தவர் வீடு இரண்டு தெரு தள்ளி. ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு அவர் கதவைத் தட்டினேன். "நாளைக்கு உள்ளதை நாளைக்குப் பாப்போம், இன்னைக்கு இங்கயே இரி மக்களே" என்று திண்ணையில் இருத்தி, பதினொன்று வரை கூடவே இருந்தார். அப்புறம் என் மனைவி. வெளியார் வரக்கூடிய திறந்த கூட்டம் நடக்கும்போது நடந்தே வந்துவிடுகிறாள். நாகர்கோவில் என்றால் ராத்திரியில் எப்படி வருவாள்?

போனில் பார்த்துப் பேசுகிற ஜூம் கூட்டத்தில் நான் மூன்று நான்கு முறைதான் இருந்திருக்கிறேன், அதனால் அடித்துச் சொல்லமாட்டேன். வளைகுடாவில் இருக்கிறவர்களுக்கும், வெளியே வர முடியாத பெண்களுக்கும் அது பெரிய உதவிதான். எனக்குச் சரிப்படவில்லை. கேமராவை அணைத்துவிட்டால் என் வாயில் என்ன வாடை என்று யாருக்குத் தெரியும்? குழித்துறையில் ரயில் ஏறித் திருவனந்தபுரம் போகிறவர்களும் உண்டு. மலையாளம் எனக்குப் புரியும், ஆனால் மனதில் கிடப்பதை அதில் கொட்ட வராது. தூத்தூர் பக்கம் ஆழ்கடலுக்கு வாரக்கணக்கில் போகிறவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது. கரைக்கு வருகிற நாளில் எது நடக்கிறதோ அதற்குப் போவதுதான் சரி.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். தினமும் நிறையக் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்கள் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும், ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் போதையிலிருந்து மீள உதவும் அரசு உதவி எண் 14446-க்குக் கூப்பிடலாம், காசு ஆகாது.

எங்கள் கூட்டம் ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு. கதவு திறந்து நாற்காலி போடுகிற வேலை இப்போது என்னுடையது, ஆறேகாலுக்கு வீட்டிலிருந்து இறங்கினால் போதும்.