முட்டி வலிக்கு எந்தப் புட்டி?

பெரியம்மா வீட்டு அலமாரியில் ஒரு பழைய மைலோ டின் இருக்கிறது. மைலோ தீர்ந்து பல வருடம் ஆகிறது. இப்போது அதற்குள் இருப்பதெல்லாம் முட்டி வலிக்கென்று வாங்கிச் சேர்த்தவை. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர் அவர். விடிவதற்கு முன்பே பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்வது, அப்புறம் காண்டாவின் இரு முனையிலும் பால் வாளி ஆட, மேட்டிலும் பள்ளத்திலும் ஸ்டோர் வரைக்கும் நடை. அந்த முட்டி வலிக்காமல் இருந்தால்தான் அதிசயம். தீபாவளிக்குப் போனபோது டின்னைப் பாயில் கவிழ்த்துக் கொட்டி, “இதுல எதுடா நெசமா கேக்குது? பாத்துச் சொல்லு, காசு தண்ணியா போவுது” என்றார்.

குளுக்கோசமின், மஞ்சள் மாத்திரை, போஸ்வேலியா, மீன் எண்ணெய், பிளாஸ்டிக் பையில் முடக்கத்தான் பொடி, பேரே ஒட்டாத வெள்ளை டப்பா ஒன்று. ஆறும் ஒரே வேலைக்கு என்றுதான் வாங்கியிருக்கிறார்.

ஆனால் எல்லா மூட்டு வலியும் ஒரே வலி இல்லை. பெரியம்மாவுக்கு இருப்பது தேய்மானம்: நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் அடங்கும், காலையில் எழுந்ததும் பத்து நிமிடம் விறைப்பு. இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கி, காலையில் ஒரு மணி நேரம் மடக்க முடியாமல் இருந்தால் அது முடக்கு வாதமாக இருக்கலாம். அதற்கு மெத்தோட்ரெக்சேட் மாதிரி மருந்தைச் சீக்கிரம் தொடங்காவிட்டால் மூட்டு கோணிப்போகும். டின்னில் இருக்கிற எதுவும் அதைத் தடுக்காது. கால் பெருவிரல் ராத்திரியோடு ராத்திரியாகச் சிவந்து வீங்கினால் யூரிக் அமிலத்தைப் பார்க்க வேண்டும். அரசாங்க குளினிக்கில் 1 வெள்ளி கொடுத்தால் டாக்டர் பார்த்துச் சொல்லிவிடுவார். பல பேர் அந்த 1 வெள்ளியை மிச்சம் பிடித்துவிட்டுப் பார்மசியில் 100 வெள்ளியைக் கொடுக்கிறார்கள்.

டின்னிலேயே விலை கூடியது குளுக்கோசமின். பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. அந்த வகை ஒவ்வாமை இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். குருத்தெலும்பை வளர்க்கும் என்றுதான் விற்கிறார்கள். 2006இல் அமெரிக்காவில் 1,583 பேரை வைத்து 24 வாரம் சோதித்தார்கள். குளுக்கோசமின் சாப்பிட்டவர்களில் 64 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது. கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 60 சதவீதம் பேருக்குக் குறைந்தது. வலி கடுமையாக இருந்த சிறு கூட்டத்துக்கு, காண்ட்ராய்ட்டின் என்ற குருத்தெலும்புச் சத்தும் சேர்த்துக் கொடுத்தபோது பலன் தெரிந்தது; அது கிள்ளிப் போட்ட நம்பிக்கை, அவ்வளவுதான். 2019இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் சங்கம், தேய்மானத்துக்கு இது வேண்டாம் என்றே எழுதிவிட்டது. “அப்ப எனக்கு நல்லா இருந்துச்சே?” என்று பெரியம்மா கேட்டார். அந்த 60 சதவீதம் பேரும் இதையேதான் சொல்லியிருப்பார்கள், பெரியம்மா.

மஞ்சளிடம் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு, அதனால் கூடுதலாகவே சந்தேகப்பட்டுப் பார்த்தேன். தாய்லாந்தில் முட்டித் தேய்மானம் உள்ள 367 பேரில் ஒரு பாதிக்குத் தினம் 1,500 மில்லிகிராம் மஞ்சள் சாறும், மறு பாதிக்கு 1,200 மில்லிகிராம் ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரையும் கொடுத்தார்கள். 4 வாரத்தில் வலி குறைந்தது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. வயிற்றுக் கோளாறு மஞ்சள் பக்கம் குறைவு. ஆனால் அது சாறு, சமையல் தூள் இல்லை. தூளில் குர்குமின் என்ற மஞ்சள் சத்து சுமார் 3 சதவீதம்தான். ஒரு தேக்கரண்டிக்கு 3 கிராம் என்று வைத்தாலும் 90 மில்லிகிராம் தேறும். சாம்பாரில் போட்டு வலியைத் துரத்த நினைத்தால் குழம்பே கசந்துவிடும்.

இன்னொரு சிக்கல், உடம்பு குர்குமினைச் சுலபத்தில் ஏற்காது. மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் பல மடங்கு கூடுதலாக உள்ளே போகும். 1998இல் பெங்களூரு ஆய்வொன்று 20 மடங்கு என்று கண்டது. அதே மிளகுச் சத்து மற்ற மருந்துகளையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும் என்பது புட்டியில் பெரிய எழுத்தில் இருக்காது. வார்ஃபரின் போன்ற இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் பித்தப்பைக் கல் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. அடர்த்தியான மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிப்பு வரலாமென்று 2023இல் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அரிதுதான். ஆனாலும் சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளித்தால் அன்றைக்கே நிறுத்த வேண்டும்.

போஸ்வேலியா என்பது ஒரு மரப்பிசின், நம் சாம்பிராணிக்குச் சொந்தக்காரன், ஆயுர்வேதத்தில் சல்லகி. ஆய்வுகள் சின்னவைதான், ஆனால் கிடைத்த விடைகள் பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்கின்றன. செறிவூட்டிய சாறு தினம் 100 மில்லிகிராம், 90 நாள்; வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் வலி நூற்றுக்குப் பதினேழு புள்ளி இறங்கியது. பேரைக் கேட்டே பழகாத இந்தப் போஸ்வேலியாப் புட்டியைத்தான் பெரியம்மா பிரிக்கவே இல்லை.

மீன் எண்ணெய் முடக்கு வாதக்காரர்களுக்கு ஓரளவு உதவும், தேய்மானத்துக்கு அல்ல. அவர்களுக்கும் தினம் 3 கிராம் அளவில் ஒமேகா 3 தேவை. சாதாரண 1,000 மில்லிகிராம் குளிகையில் இருப்பது 300. ஆக, நாளுக்கு 10 குளிகை! கெம்போங் மீன் வாங்கிக் குழம்பு வைத்துவிடலாம். முடக்கத்தான் தோசை பாட்டி காலத்துச் சொத்து. ஆள்களை வைத்துச் செய்த உருப்படியான சோதனை எதையும் நான் பார்த்ததில்லை. ருசிக்காகச் சாப்பிடட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

மிச்சம் அந்த வெள்ளை டப்பா. பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒருவர் “முழுக்க மூலிகை, லா” என்று விற்றது. ஆறிலும் நன்றாகக் கேட்டது இதுதான் என்று பெரியம்மா சத்தியம் செய்தார். இரண்டே நாளில் வலி பறந்ததாம், கோயில் படியைக் கைப்பிடி தொடாமல் ஏறினாராம். எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த இரண்டு நாள்தான். மூலிகை பொதுவாக அவ்வளவு வேகமாக வேலை செய்வதில்லை. மஞ்சளே வாரக்கணக்கில் எடுக்கிறது. மூட்டு வலிக்கென்று விற்கும் ஜாமு, மாஜுன் போன்ற நாட்டு மருந்து வகைகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் வலி மாத்திரையையும் கலந்து விற்பதை நம் மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்பிஆர்ஏ பலமுறை பிடித்து அறிவித்திருக்கிறது. சர்க்கரை எகிறும், முகம் உப்பும், தோல் மெலியும், எலும்பு கரையும். பெரியம்மாவின் சர்க்கரைப் புத்தகத்தைப் புரட்டினேன்: 7, 8 என்று இருந்தது அந்த டப்பாவைச் சாப்பிட்ட மாதம் 14. “தீபாவளிப் பலகாரம்டா” என்றார். தீபாவளிக்கு அப்போது இன்னும் மூன்று வாரம் இருந்தது.

டப்பாவைக் குப்பையில் போடத்தான் கை போனது. போடவில்லை. நாள்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மறுநாள் டப்பாவையே கையில் எடுத்துக்கொண்டு குளினிக்குக்குப் போனோம். இனி வாங்கும் எந்தப் புட்டியிலும் எம்ஏஎல் என்று தொடங்கி எட்டு இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும் உள்ள பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன்: பாரம்பரிய மருந்துக்கு டி, சத்துணவு மாத்திரைக்கு என். ஹோலோகிராம் ஒட்டியும் இருக்க வேண்டும். எண்ணையே திருடி அச்சடிப்பவர்களும் உண்டு என்பதால் என்பிஆர்ஏ தளத்தில் தட்டிப் பார்ப்பது என் வேலை.

குளினிக்கில் டாக்டர் மருந்தைச் சரிசெய்துவிட்டு, போஸ்வேலியாவை மட்டும் மூன்று மாதம் பார்க்கச் சம்மதித்தார். மஞ்சளைச் சேர்த்துக் கொடுத்தால் எது கேட்டது என்று தெரியாது என்பது என் கட்சி. கூடவே தொடைத் தசைக்கு ஒரு பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி ஐந்து எண்ணும்வரை தூக்கிப் பிடிப்பது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டிமேல் விழும் பாரம் நாலு கிலோ குறையும் என்று அவர் சொன்னதும் பெரியம்மா என்னை முறைத்தார், முறுக்குத் தட்டை நான்தான் அவர் பக்கம் நகர்த்தியிருந்தேன்.

சாமி காலண்டரில் ஞாயிற்றுக்கிழமை தோறும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று பென்சிலில் குறித்து வைக்கிறார். முதல் வாரம் 8, ஆறாவது வாரம் 6. அதற்கடுத்த ஞாயிறு கல்யாண வீட்டில் நாள் முழுக்க நின்றதில் மறுபடியும் 8. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.