"யூனியன் செஷன்" என்று கூப்பிட்டால் பாடுவதற்கு முன் விசாரியுங்கள்

லாஸ் ஏஞ்சலஸில் கோரஸ், பேக்கிங் வோக்கல் பாடும் நம்மவர்கள் கவனத்துக்கு. யூனியன் ரேட், யூனியன் பேப்பர் என்று வாய் நிறையச் சொல்லி என்னை அழைத்த தயாரிப்பு நிறுவனம், நடிகர்களுக்கும் பாடகர்களுக்குமான அமெரிக்கத் தொழிற்சங்கமான சாக்-ஆஃப்ட்ராவோடு ஒப்பந்தமே போடாத நிறுவனம் என்பது பாடி முடித்த பிறகுதான் தெரிந்தது.

அன்று ஒரே வரியை மேல் ஸ்தாயி, நடு, கீழ் என்று மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் திரும்ப டபுள் செய்யச் சொல்லி, ஒரு கூட்டமே பாட வேண்டிய கோரஸை என் ஒருத்தி குரலிலேயே எடுத்துக்கொண்டார்கள். யூனியனின் சவுண்ட் ரெக்கார்டிங்ஸ் கோட் என்ற ஒலிப்பதிவு ஒப்பந்தத்தின்படி இப்படி ட்ராக் மேல் ட்ராக் பாடினால் கூடுதல் பணம் உண்டு, ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் கம்பெனி தனியாகக் கட்ட வேண்டும். எனக்கு வந்தது பேசிய தொகையில் பாதி!

ஹெட்போனைக் கழற்றுவதற்குள் ஒரு டேப்லெட்டை நீட்டி "இங்கே ஒரு கையெழுத்து, வழக்கமானதுதான்" என்றார் தயாரிப்பாளர். நின்று படித்தேன். எந்த ஊடகத்திலும் எக்காலத்துக்கும் பயன்படுத்தலாம், என் குரலை வைத்து டிஜிட்டல் நகலும் செய்துகொள்ளலாம் என்று இருந்தது. முடியாது என்றேன், மீதிப் பணம் அப்படியே நின்றுபோனது. கொஞ்ச நாளில் அதே கோரஸ் ஒரு விளம்பரத்தில் ஓடுகிறது, எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. முறையான யூனியன் செஷனாக இருந்திருந்தால் அதற்கும் தனிப் பணம் வந்திருக்கும். குரல் நகல் விஷயத்தில் 2024 ஏப்ரலில் வார்னர், சோனி, யுனிவர்சல், டிஸ்னி ஆகிய லேபிள்களோடு யூனியன் செய்த உடன்பாட்டில், பாடகரின் தெளிவான சம்மதமும் பணமும் இல்லாமல் வெளியிடக் கூடாது என்றே இருக்கிறது. என்னை அழைத்த நிறுவனம் அந்த வரம்புக்குள்ளேயே வரவில்லை, அதனால்தான் இவ்வளவு துணிச்சல்.

அதனால் யூனியன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட கம்பெனியின் பெயரை முதலிலேயே எழுத்தில் வாங்கி, யூனியன் அலுவலகத்தில் நீங்களே கேட்டுவிடுங்கள், தயாரிப்பாளர் காட்டும் கடிதத்தை நம்ப வேண்டாம். யார் என்ன பாடினார்கள் என்று பதியும் செஷன் ரிப்போர்ட்டில் உங்கள் பெயரும் பாடிய பகுதிகளும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

அப்புறம் ஒன்று, பலருக்கும் தெரியாதது. அமெரிக்காவில் டிஜிட்டல் ரேடியோ ராயல்டியில் 2.5 சதவீதம் நம்மைப் போன்ற பின்னணிக் குரல்களுக்கென்றே சட்டப்படி ஒதுக்கப்படுகிறது. இசைக்கலைஞர் சங்கமும் சாக்-ஆஃப்ட்ராவும் சேர்ந்து நடத்தும் நிதியம்தான் அதைப் பிரித்துக் கொடுக்கிறது, யூனியன் உறுப்பினராக இல்லாவிட்டாலும் கிடைக்கும். பாடிய பாட்டில் உங்கள் பெயர் விட்டுப்போயிருந்தால் அங்கே எழுதிக் கேளுங்கள்.