பென்டாக்ஸ் பாப்பிலியோ 2 (6.5×21): வேலூர்ப் பக்கத்துத் தட்டான்களுக்கு ஒரு பைனாகுலர்

வேலூர்க் கோட்டையின் அகழிச் சுவரில் தட்டான் உட்கார்ந்திருக்கும். விரலை நீட்டிக் காட்டினாலும் சட்டென்று கண்ணில் படாது. கருங்கல்லில் இருக்கும் சாம்பல், கறுப்பு, வெள்ளைத் திட்டெல்லாம் அப்படியே அதன் உடம்பிலும் இருக்கும். பெயர் பிராடினோபைகா ஜெமினேட்டா. நான்கு இறக்கைகளையும் கல்லோடு ஒட்ட விரித்து வைத்திருக்கும். இறக்கை நுனிக்குக் கொஞ்சம் முன்னால் சின்னதாக ஒரு கட்டம், நடுவில் கறுப்பு, இரண்டு ஓரத்திலும் வெளுப்பு. அந்தக் கட்டம் தெரிந்தால் பெயரைச் சொல்லிவிடலாம். அதன் நீளம் சில மில்லிமீட்டர்தான் என்பதுதான் சிக்கல்.

பறவை பார்க்க வாங்கிய பைனாகுலர் இங்கே கைகொடுக்காது. 8×42 (8 மடங்கு, 42 மி.மீ. லென்ஸ்) அளவில் வரும் பல மாடல்களில் 2, 3 மீட்டருக்குள் வந்தால் உருவம் கலங்கிவிடும். விலை குறைந்த 10×50 என்றால் 5 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். 5 மீட்டரில் 10 மடங்கு பெரிதாக்கினால், வெறுங்கண்ணால் 50 செ.மீ. தள்ளி வைத்துப் பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் தட்டான் சிவப்பா நீலமா என்றுதான் தெரியும், இனம் தெரியாது. பாப்பிலியோ 50 செ.மீ. வரை கிட்டே வந்தாலும் தெளிவாகக் காட்டும். அந்த இடத்தில் 6.5 மடங்கு என்பது 8 செ.மீ.க்கும் குறைவான தூரத்தில் வைத்துப் பார்ப்பதுபோல. வெறுங்கண்ணால் அவ்வளவு கிட்டே வைத்து யாராலும் தெளிவாகப் பார்க்க முடியாது. தட்டான் விஷயத்தில் 'எத்தனை மடங்கு' என்று கேட்டுப் பைனாகுலர் வாங்குவதுதான் முதல் தவறு. 'எவ்வளவு கிட்டே' என்று கேட்க வேண்டும்.

கிட்டே பார்க்கும்போது சாதாரணப் பைனாகுலரில் இன்னொரு தொல்லை உண்டு. இரண்டு குழாய்களும் நேராகவே பார்ப்பதால் இரண்டு வட்டங்கள் ஒன்று சேராது. கண் உள்பக்கமாக இழுத்துக்கொண்டு வலிக்கும். பாப்பிலியோவில் குவியச் சக்கரத்தைத் திருப்பினால் முன்பக்க லென்ஸ்கள் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்கின்றன. முன்னால் இருக்கும் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அந்த நகர்வு வெளியிலிருந்தே தெரியும். அரை மணி நேரம் ஊசித்தட்டான்களையே பார்த்துக்கொண்டிருந்தாலும் கண் சோர்வதில்லை. எடை 290 கிராம். கழுத்தில் போட்டிருப்பதே மறந்துபோகும்.

கையில் வந்தவுடன் தட்டானைப் பார்த்துவிட முடியாது, பழக வேண்டும். கிட்டத்தில் குவியத்தின் ஆழம் மிகக் குறைவு. தட்டானின் கண் தெளிவாகத் தெரிந்தால் வால்நுனி மங்கும். தூரத்திலிருந்து கிட்டத்துக்கு வரச் சக்கரத்தை நிறையத் திருப்ப வேண்டும், அதற்குள் தட்டான் எழுந்து போய்விடும். ஆகவே கிளம்பும் முன்பே ஒன்றரை மீட்டரில் இருக்கும் ஒரு இலையைப் பார்த்துக் குவியத்தை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சக்கரத்தைத் தொடாமல், காலை நகர்த்தித் தூரத்தைச் சரிசெய்வது எளிது. 1 மீட்டரில் தெரிகிற வட்டத்தின் அகலம் சுமார் 13 செ.மீ. முதலில் வெறுங்கண்ணால் தட்டானைப் பிடித்துக்கொண்டு, பார்வையை அதன்மேலேயே வைத்தபடி பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். பைனாகுலரை வைத்துக்கொண்டு தேடினால் கோரைப்புல் மட்டும்தான் தெரியும்.

நெருங்கும்போது உங்கள் நிழல் அதன்மேல் விழக்கூடாது. பக்கவாட்டு அசைவைத்தான் தட்டான் சீக்கிரம் கண்டுகொள்ளும். நேராக, மெதுவாக, குனிந்து போனால் பொறுத்துக்கொள்ளும். எழுந்து பறந்தாலும் அங்கேயே நில்லுங்கள். பல தட்டான்கள் ஒரு சுற்றுச் சுற்றி அதே குச்சிக்கே திரும்பும். ஓட்டேரி ஏரிபோன்ற இடங்களில் நீரில் நட்டிருக்கும் குச்சி நுனியில் உட்காரும் இக்டினோகாம்பஸ் ராபேக்ஸ் இதற்கு நல்ல உதாரணம். மஞ்சளும் கறுப்பும் கலந்த பெரிய உடம்பு, வால்நுனிக்கு முன்னால் இரு பக்கமும் இலைபோல விரிந்த மடல். இரண்டு கண்களும் தொடாமல் விலகி இருப்பதையும் பாருங்கள், மற்ற பெரும்பாலான தட்டான்களில் கண்கள் உச்சியில் ஒட்டியிருக்கும்.

இந்தக் கருவியின் அருமை சிவப்புத் தட்டான்களில்தான் முழுதாகத் தெரிகிறது. பாலாற்றுக் குட்டைகளிலும் ஏரிக்கரைகளிலும் சிவப்பாக இருப்பதையெல்லாம் ஒரே பெயரில் எழுதிவைக்கும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. ஆண்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். வயிற்றின் முதுகுப்பக்கம் நெடுக மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால் குரோகோதெமிஸ் செர்விலியா. கோடே இல்லாமல் செக்கச்செவேல் என்று இருந்தால் ரோடோதெமிஸ் ரூபா. வால்நுனிக்குச் சற்று முன்னால், 8, 9ஆம் கண்டங்களின் (உடல் வளையங்களின்) மேல் கறுப்புப் பொட்டு இருந்தால் யூரோதெமிஸ் சிக்னேட்டா. உடம்பு ரோஸ் கலந்த சிவப்பாகவும் இறக்கை நரம்பே சிவப்பாகவும், பின்னிறக்கை அடியில் அகலமான பழுப்புத் திட்டும் இருந்தால் டிரைதெமிஸ் அரோரா. மார்பு மட்டும் நீலம் பாய்ந்து கருத்து, வால் சிவந்திருந்தால் ஆர்தீட்ரம் புரூயினோசம். ஐந்தும் 1 மீட்டர் தூரத்தில் இந்தப் பைனாகுலரில் தெளிவாகப் பிரிகின்றன. 4 மீட்டரில் அந்தக் கறுப்புக் கோட்டைப் பிடிப்பதே பெரும்பாடு.

வால் என்று நாம் சொல்வது உண்மையில் வயிறு, அதில் 10 கண்டங்கள். எண்ணும்போது நுனியிலிருந்து எண்ணுங்கள், கடைசி 10. மார்புப் பக்கம் இருந்து எண்ண ஆரம்பித்தால் முதலிரண்டு கண்டங்களிலேயே குழம்பிவிடும், இறக்கை மறைக்கும்.

ஊசித்தட்டான்களுக்கு இந்த எண்ணிக்கைதான் எல்லாம். இஸ்க்னூரா செனகலென்சிஸ் ஆணுக்கு முதுகு கறுத்து 8ஆம் கண்டம் நீலமாக ஒளிரும். சூடாக்ரியான் மைக்ரோசெபாலம் ஆணுக்கு 8, 9 இரண்டும் நீலம். ஒரே ஒரு கண்டம்தான் வித்தியாசம், அதுவும் ஓரிரு மில்லிமீட்டர். செரியாக்ரியான் கோரமண்டேலியானம் மஞ்சள் வாலோடு புல்லில் உட்கார்ந்திருக்கும், அதற்குப் பைனாகுலரே வேண்டாம். அக்ரியோக்னெமிஸ் பிக்மியாவுக்கு மொத்த நீளமே 2 செ.மீ. அளவு. ஆரணி, ஆற்காடு பக்கத்து நெல்வயல் வரப்பில் முழங்காலுக்குக் கீழே பறக்கும். வரப்பில் குந்தி உட்கார்ந்து 60 செ.மீ.யில் பார்த்தால் வால்நுனியின் செங்கல் நிறம் பளிச்சென்று தெரியும்.

ஆணா பெண்ணா என்பதையும் இதிலேயே பார்த்துவிடலாம். ஆணுக்கு 2ஆம் கண்டத்தின் அடியில் ஒரு புடைப்பு இருக்கும். இதைப் பார்க்காமல் நிறத்தை நம்பினால் தப்பு வரும். ஏனென்றால் தோலுரித்துப் புதிதாக வெளிவந்த இளம் ஆண், பல இனங்களில் பெண்ணைப்போலவே மஞ்சளாக இருக்கும். டிப்ளகோடெஸ் டிரிவியாலிஸ் ஆண் முதலில் பச்சை மஞ்சளாக இருந்து, வயது ஏற ஏற உடம்பில் நீலப் பொடி பூத்து, கடைசியில் முழு நீலமாகிவிடும். மூன்றையும் மூன்று இனம் என்று எழுதியவர்கள் உண்டு.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பறக்கும் தட்டானுக்கு இது உதவாது. ஐப்பசி மழைக்கு முன்னால் வெட்டவெளியில் கூட்டமாகச் சுற்றும் பான்டாலா பிளேவெசன்ஸ் பகலில் எளிதில் உட்காராது. உட்கார்ந்தாலும் குச்சியில் செங்குத்தாகத் தொங்கும். அப்போது பார்த்தால்தான் உண்டு. அந்தி வேளையில் இன்னும் மோசம். 21 மி.மீ. லென்ஸிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 3.2 மி.மீ. மட்டுமே, ஆகவே இருட்டத் தொடங்கியதும் படம் மங்கும். சூரியன் சாய்ந்த பிறகு வெளிவரும் தோலிமிஸ் டில்லார்காவை, அதன் பின்னிறக்கையின் வெள்ளைத் திட்டை வைத்து வெறுங்கண்ணால் பிடிப்பதே மேல். அமிர்தி, ஜவ்வாதுமலை ஓடைகளில் மர நிழல் அடர்ந்த இடத்திலும் இதே குறை தெரியும். அங்கே காலை 10 மணிக்குப் பிறகு, ஓடையில் வெயில் விழுகிற திட்டுகளில் மட்டும் பாருங்கள்.

சூடாக்ரியான் பேரினத்து நீல ஊசித்தட்டான்கள் சிலவற்றை வால்முனைக் கொக்கியின் வடிவத்தைப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். அந்த வேலைக்குப் பக்கவாட்டிலிருந்து எடுத்த தெளிவான படம் வேண்டும். செல்போனை, கண் வைத்துப் பார்க்கும் கண்குவளையில் வைத்துப் படம் எடுக்கலாம், ஆனால் கை நடுங்கினால் எல்லாம் போகும். அடியில் முக்காலி மாட்டும் திருகு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

இதிலேயே 8.5×21 என்று இன்னொரு மாடல் உண்டு. தட்டானுக்கு 6.5 தான் சரி என்பது எங்கள் கருத்து. 8.5 மடங்கில் 1 மீட்டரில் தெரியும் அகலம் பத்தரை செ.மீ.யாகச் சுருங்கும், ஒளிக்கற்றை 2.5 மி.மீ.க்கு இறங்கும், கை நடுக்கமும் அதிகமாகத் தெரியும். குச்சியில் ஆடிக்கொண்டிருக்கும் ஊசித்தட்டானை அதில் வட்டத்துக்குள் வைத்திருப்பது சிரமம். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண்குவளையை முழுக்க உள்ளே இறக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். கடையிலேயே போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். முடியாமல் இணையத்தில் வாங்கினால், வந்த அன்றே ஒரு அச்சிட்ட தாளை 50 செ.மீ.யில் வைத்துப் பாருங்கள். எழுத்து இரண்டாகத் தெரிந்தால் உடனே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

தண்ணீர் புகாத கருவி இல்லை இது. அகழி ஓரம், ஏரிக்கரை என்று நீருக்குப் பக்கத்திலேயே அலையும் வேலைக்கு இது பெரிய குறைதான். கழுத்துப் பட்டையைக் குறுக்கி நெஞ்சுக்கு மேலே தொங்கவிடுங்கள். குனியும்போது தண்ணீரில் படாது. பாலாற்று மணலில் கீழே வைக்கவே வைக்காதீர்கள். தூசி படிந்தால் முதலில் ஊதுகுமிழால் ஊதி, மணல் போனபிறகுதான் துணி. கத்திரி வெயிலில் கார் டேஷ்போர்டில் விட்டுவிட்டுப் போகக்கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுக்கமான சாப்பாட்டு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு மூன்று போட்டு அதற்குள் வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் கிடைத்தால் நல்லது, ஈரம் ஏறியது கண்ணுக்குத் தெரியும்.