ஸ்கேன் ரிப்போர்ட்டை ஏஐ எழுதும்போது: ஊர்ப் பயணத்தில் கவனித்தவை

போன தடவை வந்தபோது ஸ்கேன் சென்டர்களில் ஏஐ என்றால், எக்ஸ்ரேயில் சந்தேகமான இடத்தைக் கட்டம் போட்டுக் காட்டும் மென்பொருள். இந்தத் தடவை அது ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியையே எழுதுகிறது. டாக்டர் ஃபைண்டிங்ஸ் (படத்தில் கண்டவை) சொல்லி முடிப்பதற்குள் இம்ப்ரெஷன் (முடிவுரை) பெட்டியில் வரைவு வந்து நிற்கிறது. நோயாளி கையில் தமிழில் ஒரு பக்க விளக்கம் வேறு. வெளிநாட்டில் இதே கருவிகளோடு அன்றாடம் மல்லுக்கட்டுகிறவர்களின் கண்ணோடு பார்த்ததில், எது ஓடுகிறது, எது எங்கே இடறுகிறது என்பதற்கான குறிப்பு இது.

ஒழுங்காக ஓடும் இடங்களில் படத்தைக் கொடுத்து முழு ரிப்போர்ட் கேட்பதில்லை. டாக்டர் பார்த்துச் சொன்ன ஃபைண்டிங்ஸை மட்டும் கொடுத்து இம்ப்ரெஷன் கேட்கிறார்கள். தவறு நடந்தால் இரண்டு பத்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தே பிடித்துவிடலாம். படத்திலிருந்து நேராக எழுதும் ஏஐ மாடல்களுக்கு ஒரு பழைய நோய் உண்டு. அவற்றில் பல, பாஸ்டன் மருத்துவமனை ஒன்றிலிருந்து திரட்டிய மிமிக்-சிஎக்ஸ்ஆர் தொகுப்பில் பழகியவை. அதில் 3,77,110 மார்பு எக்ஸ்ரே படங்கள், 2,27,835 பரிசோதனைகள். அந்த ரிப்போர்ட்களை எழுதியவர்கள் பழைய படத்தையும் பார்த்துவிட்டு "மாற்றமில்லை", "முன்பைவிடக் குறைந்திருக்கிறது" என்று எழுதியவர்கள். அதைப் படித்து வளர்ந்த மாடல், வாழ்க்கையில் முதல் எக்ஸ்ரே எடுக்கும் ஆளுக்கும் "முன்பு போலவே உள்ளது" என்று எழுதும்.

எழுத்திலிருந்து எழுதும்போதும் இந்த வியாதி தொற்றும். பழைய ரிப்போர்ட் இருந்தால் தேதியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் "முந்தைய பரிசோதனை இல்லை, ஒப்பீடு எழுதாதே" என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அந்தக் கட்டத்தை வெறுமனே காலியாக விட்டால் மாடல் தானாக நிரப்பிக்கொள்ளும்.

பிராம்ப்ட்டில், அதாவது மாடலுக்குக் கொடுக்கும் கட்டளையில், போக வேண்டியவை: பரிசோதனை வகை, வயது, பால், எதற்காக அனுப்பினார்கள், ஃபைண்டிங்ஸ், பழைய ரிப்போர்ட். டெம்பரேச்சர் (பதில் எவ்வளவு மாறி மாறி வரலாம் என்ற அமைப்பு) 0. இதில் அடிக்கடி விடுபடுவது "எதற்காக" என்ற வரி. நுரையீரலில் 5 மில்லிமீட்டர் நாட்யூல் (சிறு முடிச்சு) ஒன்று. ஃப்ளைஷ்னர் சொசைட்டி என்ற மார்புப் பட மருத்துவர் அமைப்பின் 2017 வழிகாட்டுதலில், ஆபத்துக் காரணி குறைந்த ஒருவருக்கு 6 மில்லிமீட்டருக்குக் கீழே தனியாக இருக்கும் திட நாட்யூலுக்கு வழக்கமான ஃபாலோ-அப் தேவையில்லை. ஆனால் 35 வயதுக்குக் கீழானவர்கள், ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் ஆகியோருக்கு அந்த விதியே பொருந்தாது. அனுப்பிய சீட்டில் "மார்பகப் புற்றுநோய், சிகிச்சையில்" என்று எழுதியிருக்கிறது. அந்த வரி மாடலுக்குப் போகவில்லை. வரைவு "ஃபாலோ-அப் தேவையில்லை" என்கிறது. படிக்கக் குறையே தெரியாது. நோயாளிக்கு அது முழுத் தவறு.

டாக்டர் பேசப் பேச எழுத்தாகும் டிக்டேஷனில் வேறு வகைத் தொல்லை. விஸ்பர் போன்ற பேச்சு மாடல்கள் யாரும் பேசாத இடைவெளியில் சொல்லாத வாக்கியத்தை எழுதிவிடும். டாக்டர் படத்தை உருட்டிப் பார்த்துக்கொண்டு மௌனமாக இருக்கும் 20 வினாடிதான் ஆபத்தான நேரம். பொத்தானை அழுத்தியிருக்கும்போது மட்டும் பதிவாகும் மைக், மௌனத்தை வெட்டி எறியும் வடிகட்டி, இரண்டும் இருந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஹைப்பர்எக்கோயிக்–ஹைப்போஎக்கோயிக் (அல்ட்ராசவுண்டில் வெளுப்பாகத் தெரிவது, கருப்பாகத் தெரிவது), ஃபிஃப்டீன்–ஃபிஃப்டி போன்ற ஒலிக் குழப்பங்கள் அடங்காது. "நோ" என்ற ஒற்றைச் சொல் விழுங்கப்பட்டு "நியூமோதொராக்ஸ்" (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது) மட்டும் மிஞ்சுவதும் அடங்காது.

ஃபைண்டிங்ஸும் இம்ப்ரெஷனும் முரண்படுவதைப் பிடிக்கச் சிறிய விதி நிரல் ஒன்று போதும். இன்னொரு ஏஐ வேண்டியதில்லை. ஃபைண்டிங்ஸில் உள்ள எண்களும் இம்ப்ரெஷனில் உள்ள எண்களும் ஒத்துப்போகின்றனவா, மில்லிமீட்டர் சென்டிமீட்டராக மாறியதா, இடது வலதானதா, பெண்ணின் ரிப்போர்ட்டில் ப்ராஸ்டேட் வந்ததா என்று பார்த்து, பொருந்தாததை மஞ்சளில் காட்ட வேண்டும். நூறு வரிக்குள் எழுதிவிடலாம். வாங்கிய மென்பொருளோடு இது வருவதில்லை என்பதால் பலரிடம் இல்லை.

ஒரு சென்டரில் வரைவு, கையெழுத்தாகும் முன்பே வார்டு டாக்டரின் திரைக்குப் போயிருக்கிறது. காரணம் ஒற்றை எழுத்து. மருத்துவமனைக் கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஹெச்எல்7 செய்தியில் முடிவின் நிலையைக் குறிக்கும் இடத்தில் முதல்கட்டம் என்றால் 'பி', இறுதி என்றால் 'எஃப்', திருத்தம் என்றால் 'சி'. இணைப்பு போட்டவர் எல்லாவற்றையும் 'எஃப்' என்றே அனுப்பும்படி வைத்துவிட்டார். நிறுவிய அன்றே மூன்று நிலைக்கும் ஒவ்வொரு சோதனை ரிப்போர்ட் அனுப்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"டாக்டர் எப்படியும் பார்த்துத்தானே கையெழுத்துப் போடுகிறார்" என்ற சமாதானத்தை எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். ரேடியாலஜி இதழில் 2023-இல் வந்த ஜெர்மன் ஆய்வை அவர்களுக்குக் காட்ட வேண்டும். 27 ரேடியாலஜிஸ்ட்கள் 50 மேமோகிராம்களை (மார்பக எக்ஸ்ரேக்களை) பார்த்தார்கள். சிலவற்றில் ஏஐ சொன்னதாக வேண்டுமென்றே தவறான பைராட்ஸ் எண் (புற்றுநோய்ச் சந்தேகம் எவ்வளவு என்பதைக் குறிக்கும் எண்) காட்டப்பட்டது. ஏஐ சரியான எண் காட்டியபோது அனுபவம் குறைந்தவர்கள் சரியாகச் சொன்னது சுமார் 80 சதவீதம்; தவறான எண் காட்டியபோது அது 20 சதவீதமாக விழுந்தது. நல்ல அனுபவசாலிகளே 82-இலிருந்து 45 சதவீதத்துக்கு இறங்கினார்கள். ஆகவே ஃபைண்டிங்ஸ் முடியும்வரை வரைவைத் திரையில் காட்டாமல் இருப்பது நல்லது. வரைவு திறந்ததிலிருந்து கையெழுத்துவரை எத்தனை வினாடி, எத்தனை சொல் மாறியது என்று பதிவு வைக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க ஒரு சொல்லும் மாறாமல், ஐந்து ஐந்து வினாடியில் கையெழுத்து என்றால் ஏஐ திறமையாகிவிட்டது என்று பொருள் கொள்ளக் கூடாது, யாரும் படிக்கவில்லை.

தொடங்கும் முறை சுருக்கமாக: இரண்டு வாரம் பழைய முறையிலேயே ரிப்போர்ட் நேரத்தையும் திருத்த ரிப்போர்ட் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வரைவை வெளியே விடாமல் 200 ரிப்போர்ட்களுக்கு நிழலாக ஓட்டி, தவறுகளை வகை பிரித்து எண்ணுங்கள். மாடலின் பதிப்பு எண்ணை ஒப்பந்தத்திலேயே பூட்டுங்கள். மென்பொருள் விற்றவர்கள் பதிப்பு மாற்றினால் அதே 200-ஐ மறுபடி ஓட்டிப் பார்த்த பிறகே திறந்துவிடுங்கள்.

தரவு வெளியே போகக் கூடாதென்றால் சொந்தக் கணினியிலும் ஓட்டலாம். 800 கோடி பாராமீட்டர் (மாடலுக்குள் இருக்கும் எண்கள்) கொண்ட மாடல் 16-பிட்டில் சுமார் 16 ஜிபி ஜிபியு நினைவகம் கேட்கும். 4-பிட்டுக்குச் சுருக்கினால் 5 ஜிபி அளவில் அடங்கும். வெளியே அனுப்புவதானால், டைக்காம் (மருத்துவப் படக் கோப்பு வடிவம்) தலைப்பில் பெயரை அழித்துவிட்டுத் திருப்திப்பட வேண்டாம். அல்ட்ராசவுண்ட் படத்தின் மேல் மூலையில் பெயரும் எண்ணும் படத்தோடு படமாகப் பதிந்தே இருக்கும்.

கடைசியாகத் தமிழ் விளக்கத் தாள். நோயாளிக்கு உண்மையிலேயே பயன்படுவது இதுதான். யாரும் திருப்பிப் பார்க்காததும் இதுதான். நாட்யூல், சிஸ்ட், மாஸ், டியூமர், ஆப்செஸ் எல்லாமே தமிழில் "கட்டி" ஆகிவிடுகின்றன. சிறுநீரகத்தில் சாதாரண நீர்ப்பை இருக்கும் ஆள் "கட்டி" என்று படித்துவிட்டு அன்றிரவு தூங்க மாட்டார். டிஜெனரேட்டிவ் என்பது "சிதைவு" என்று வருகிறது. முதுகெலும்புக்கு நம் ஆட்கள் சொல்வது "தேய்மானம்". "நெகட்டிவ்" என்பது "எதிர்மறை" ஆனால் நல்ல செய்தியும் கெட்ட செய்தியாகத்தான் காதில் விழும். இப்படி ஐம்பது, அறுபது சொற்களுக்கு நிரந்தரப் பட்டியல் போட்டு, மாடல் அதைத் தவிர வேறு சொல் எடுக்காதபடி கட்டிப்போட வேண்டும். கையெழுத்தான ரிப்போர்ட்டிலிருந்து மட்டுமே இந்தத் தாள் பிறக்க வேண்டும், வரைவிலிருந்து அல்ல.

அச்சிலும் ஒரு கண் வேண்டும். ஹெச்எல்7-இல் எழுத்துத் தொகுதியை யூனிகோட் யுடிஎஃப்-8 என்றும், டைக்காமில் ஐஎஸ்ஓ_ஐஆர் 192 என்றும் அறிவிக்காவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக வரும். அதைச் சரிசெய்த பிறகும், பிடிஎஃப் செய்யும் நிரல் தமிழ் எழுத்துகளைக் கோத்து அமைக்கத் தெரியாததாக இருந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழும். வரவேற்பு மேசையில் இருந்த தாளில் "கெட்டியான" என்ற சொல்லில் கொம்பு ககரத்தைத் தாண்டி நின்றது. திரையில் சரியாகத்தான் தெரிகிறது என்றார்கள். அச்சிட்ட தாளை ஒருவர் வாய்விட்டுப் படித்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.