ரிட்டயர்மென்ட் பணத்தோடு பேங்குக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் உங்கள் வீட்டில் யாராவது இப்போது ஓய்வு பெறுகிறார்கள் என்றால் இதை முழுசாகப் படியுங்கள், அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். பி.எஃப் பணமும் கிராஜுவிட்டியும் கணக்கில் விழுந்த சூட்டோடு பேங்கில் இருந்து போன் வரும். "சார், பணம் சேவிங்ஸ்ல சும்மா கிடக்குது, ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்பார்கள். போங்கள், தப்பில்லை. ஆனால் அன்றைக்கே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், போனில் வரும் ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்.

எங்கள் அப்பச்சி, அதாவது அப்பா, ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதியவர். பேரேட்டில் ஒரு ரூபாய் இடித்தாலும் அதைக் கண்டுபிடிக்காமல் சாப்பிட உட்காராத ஆள். 2025 மார்ச்சில் ஓய்வு பெற்றார், வயது அறுபது முடிந்திருந்தது. கைக்கு வந்தது 36 லட்சம். பென்ஷன் என்று பார்த்தால் பி.எஃப்போடு சேர்ந்த இ.பி.எஸ் ஓய்வூதியத் திட்டத்தில் மாதம் நாலாயிரத்துச் சொச்சம். ஆத்தாவின் சர்க்கரை மாத்திரையையும் சேர்த்து வீட்டுச் செலவுக்கு மாதம் 25,000 ஆகும். அதாவது இந்த 36 லட்சம்தான் இனிமேல் அவருக்குச் சம்பளம். இதை அந்த அறையில் உட்கார்ந்ததுமே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். பல வருடமாக அவர் கணக்கு வைத்திருக்கும் பேங்க் அது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை.

அங்கே இருந்த ரிலேஷன்ஷிப் மேனேஜர் ஒரு தாளை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். மேலே அப்பச்சியின் பெயர், கீழே வட்டமாக ஒரு படம், நாலு கலரில் நாலு பங்கு. "உங்க ரிட்டயர்மென்ட் போர்ட்ஃபோலியோ சார், எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் பிரிச்சுப் போட்டிருக்கேன், ஒண்ணு இறங்கினா இன்னொண்ணு தாங்கிக்கும்" என்று விளக்கியிருக்கிறார். 'நிச்சய வருமானம்' என்ற பச்சைப் பங்கில் 6 லட்சம். 'பாதுகாப்பு' என்ற நீலப் பங்கில் 10 லட்சம். 'வளர்ச்சி' என்ற ஆரஞ்சுப் பங்கில் 10 லட்சம். மிச்சம் 10 லட்சத்தில் பாதி எஃப்டி, பாதி சேவிங்ஸ். படத்தைப் பார்த்தால் யாருக்கும் திருப்தியாகத்தான் இருக்கும். அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். எந்தப் பங்கு எந்தத் திட்டம், எத்தனை வருடத்துக்குப் பணத்தை எடுக்க முடியாது என்று அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

பச்சை என்பது பத்து வருடம் பிரீமியம் கட்ட வேண்டிய ஆயுள் காப்பீடு, வருடத்துக்கு 6 லட்சம். நீலம் என்பது யூலிப், அதாவது காப்பீட்டோடு சந்தை முதலீட்டையும் கலந்த பாலிசி, அதற்கு ஐந்து வருடம் வருடத்துக்கு 10 லட்சம் கட்ட வேண்டும். இரண்டையும் "ஒரே தடவை போடுறதுதான் சார், எஃப்டி மாதிரி" என்று சொல்லித்தான் வாங்கவைத்தார்கள். அடுத்த ஏப்ரலில் இந்த மனிதர் 16 லட்சம் கட்ட வேண்டும், கையில் மிச்சம் இருப்பதோ 10 லட்சம். இந்தக் கணக்கு எழுதிக்கொடுத்தவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆரஞ்சு என்பது புதிதாக வந்த ஒரு மியூச்சுவல் ஃபண்ட், ஒரே ஒரு துறைப் பங்குகளை மட்டும் வாங்குவது, அதுவும் கமிஷன் உள்ள ரெகுலர் பிளான்.

இது வெளியே வந்ததே மழைக்கு முன்னால் வீட்டில் ஓடு மாற்றப் போனபோதுதான். பழைய வீடு, இரண்டாம் கட்டில் ஒழுகல். ஆசாரி இரண்டு லட்சம் ஆகும் என்றார். வட்டி வந்திருக்கும், 'பாதுகாப்பு' என்று போட்ட அந்த 10 லட்சத்தில் இருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அப்பச்சி பேங்குக்குப் போனால், "அது அஞ்சு வருஷம் லாக்-இன் சார், எடுக்க முடியாது" என்று வேறொருவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த மேனேஜர் மாற்றலாகிப் போய்விட்டாராம். அன்றைக்கு ராத்திரி போனில் அப்பச்சி என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "பேங்க்லயே இப்படிப் பண்ணுவாகளாப்பா?"

நான் ஊருக்கு வந்து இரண்டு கம்பெனிக்கும் எழுதி, பாலிசியோடு விண்ணப்பப் படிவத்தின் நகலையும் வாங்கினேன். இதைத்தான் எல்லோரும் முதலில் செய்ய வேண்டும். கையெழுத்து அப்பச்சியுடையது. மற்ற எதுவும் அவர் எழுதியதில்லை. தொழில்: வியாபாரம். ஆண்டு வருமானம்: 12 லட்சம். ஓய்வு பெற்று ஒரு மாதம்கூட ஆகாத மனிதருக்கு! வருமானத்தை அப்படிப் போட்டால்தான் வருடத்துக்கு 6 லட்சம், 10 லட்சம் என்று பிரீமியம் கட்டுகிறேன் என்பதை அந்தந்தக் கம்பெனி கேள்வி கேட்காமல் ஏற்கும், அதற்காக நிரப்பியது. மின்னஞ்சல் முகவரி என்று இருந்தது எங்கள் வீட்டில் யாருடையதும் இல்லை. பாலிசி அந்த முகவரிக்குத்தான் போயிருக்கிறது, அப்பச்சி கைக்கு வந்ததோ பளபளப்பான கவரில் ஒற்றைத் தாள். காப்பீட்டுப் பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம், 'ஃப்ரீ லுக்' என்று அதற்குப் பெயர். பாலிசியே கைக்கு வராவிட்டால் அந்த 30 நாள் ஓடுவது யாருக்குத் தெரியும்?

வரியே கிடையாது என்று சொன்னதும் பொய். 2021 பிப்ரவரி 1-க்குப் பிறகு எடுத்த யூலிப்பில் ஆண்டு பிரீமியம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் முதிர்வுத் தொகையில் வரும் லாபத்துக்கு வரி உண்டு. யூலிப்பில் 8 சதவீதம் நிச்சயம் என்று காட்டிய இன்னொரு தாளில் பக்கத்திலேயே 4 சதவீதக் கணக்கும் இருந்தது. அவை இரண்டுமே ஊகக் கணக்குகள், உத்தரவாதம் எதற்கும் இல்லை. சரி, அடுத்த தவணை கட்டாமல் விட்டுவிடலாமே என்றால், யூலிப் பணம் ஒரு தனி ஃபண்டுக்குப் போய் குறைந்தபட்சம் 4 சதவீத வட்டியோடு ஐந்து வருடம் முடிந்துதான் கைக்கு வரும். அறுபது வயதுக்காரரின் சாப்பாட்டுப் பணம் 2030 வரை பூட்டு.

இந்த ஊரில் பணம் பூட்டிக்கொள்வது என்றால் என்ன என்று யாருக்கும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 1930-களின் மந்தத்தில் நம் பக்கத்துச் செட்டியார்கள் பர்மாவில் கொடுத்த கடன் திரும்பாமல் வயலாக வந்து சேர்ந்ததே, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்ததே, 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது அதில் எதை எடுத்துக்கொண்டு வர முடிந்தது? ஏட்டில் சொத்து இருந்தது, கையில் காசு இல்லை. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களிடமே ஐந்து வருடம், பத்து வருடம் பூட்டும் திட்டங்களை வருமானம் என்று பெயர் போட்டு விற்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அப்பச்சிக்கு என்ன செய்திருக்க வேண்டும் என்பது ஒன்றும் ரகசியம் இல்லை. முதலில் மாதச் செலவு எங்கிருந்து வரும் என்று பார்க்க வேண்டும். சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தின் வரம்பு 2023 ஏப்ரலில் இருந்து 30 லட்சம். அப்பச்சி கைக்குப் பணம் வந்த சமயத்தில் வட்டி 8.2 சதவீதம், போடும்போது என்ன வட்டியோ அதுவே ஐந்து வருடத்துக்கும். 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500. இ.பி.எஸ் பென்ஷனையும் சேர்த்தால் வீட்டுச் செலவு ஏறக்குறைய நேர். அவசரம் என்றால் கொஞ்சம் பிடித்தம் போக நடுவிலேயே எடுக்கவும் வழி உண்டு. தபால் ஆபீசில் மட்டுமில்லை, அதே பேங்கிலேயே இந்தக் கணக்கைத் தொடங்கலாம். அந்த அறையில் ஒருத்தரும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை, ஏனென்றால் காப்பீட்டில் வருவதுபோல இதில் கமிஷன் வராது.

பங்குச் சந்தையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் இன்றைய 25,000 செலவு பன்னிரண்டு வருடத்தில் 50,000 ஆகிவிடும், வட்டி மட்டும் நம்பினால் எழுபத்திரண்டு வயதில் இழுபறிதான். ஆனால் 2020-இல் ஜனவரி உச்சத்தில் இருந்து மார்ச்சுக்குள் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி 38 சதவீதம் இறங்கியது, 2008-இல் பாதிக்கும் மேல் போனது. அதனால் ஏழெட்டு வருடம் தொடவே தேவைப்படாத பணத்தை மட்டும், என் கணக்கில் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டில், கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானில் போடலாம். மொத்தப் பணத்தில் கால் பங்குக்கும் மேல் கொண்டுபோய் ஒரே துறையில் கொட்டுவது அறுபது வயதுக்காரருக்குச் செய்யும் வேலையே இல்லை. அப்புறம் ஆறு மாதச் செலவு எந்த நேரமும் எடுக்கும்படி இருக்க வேண்டும்.

இப்போது நிலவரம். ஃபண்டை விற்றுவிட்டோம், சீக்கிரம் விற்றதற்குப் பிடிக்கும் ஒரு சதவீத எக்ஸிட் லோடும் சந்தை நஷ்டமும் போக மிச்சம் வந்தது. எஃப்டியையும் உடைத்துச் சேர்த்து சீனியர் சிட்டிசன் கணக்கில் போட்டாயிற்று. பத்து வருட பாலிசிக் கம்பெனி, வருமானம் பொய்யாக நிரப்பப்பட்டதையும் அந்த மின்னஞ்சலையும் ஆதாரத்தோடு எழுதியதும் பிரீமியத்தைத் திருப்பிவிட்டது. யூலிப் கம்பெனி மட்டும் "வாடிக்கையாளர் சரிபார்ப்பு அழைப்பில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்" என்று பதில் போட்டது. அந்த ஒலிப்பதிவைக் கேட்டு வாங்கினோம். பெண் குரல் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கிறது, அப்பச்சி தயங்குகிறார், பக்கத்தில் இருந்து இன்னொரு குரல் "ஆமான்னு சொல்லுங்க சார்" என்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும். அதை வைத்து சென்னையில் உள்ள, காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் புகார் கொடுத்திருக்கிறோம், விசாரணை இன்னும் வரவில்லை.

உங்களுக்கும் இதே கதை என்றால், முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா புகார் தளத்திலும் பதியுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ஒரு வருடத்துக்குள் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை விசாரிப்பார்கள். பேங்கிலேயே பேசித் தீர்க்கலாம் என்று வாய்மொழியாக இழுத்தடிப்பார்கள், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

போன மாதம்தான் அப்பா, அம்மாவுக்கு இப்படி ஏதோ போட்டுக் கொடுத்தார்கள் என்றால் இன்றைக்கே பீரோவைத் திறந்து பாலிசி பாண்டை எடுத்து 'பிரீமியம் செலுத்தும் காலம்' என்ற வரியைப் பாருங்கள். ஒரே தவணை என்று இல்லாமல் 5, 10 என்று போட்டிருந்து, 30 நாளும் தாண்டவில்லை என்றால், ஃப்ரீ லுக்கில் ரத்து செய்யச் சொல்லி நாளைக் காலையிலேயே கடிதம் கொடுத்து, முத்திரையும் தேதியும் போட்ட நகலைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.