ஏரிக்கரையில் வலசைப் பறவைகள்: நடந்து பார்ப்பதா, உட்கார்ந்து பார்ப்பதா?

வசந்தத்தில் ஏரிப் பூங்காவுக்குப் போனால் முதல் கேள்வி இதுதான்: கரையைச் சுற்றி நடப்பதா, மறைவிடத்தில் உட்காருவதா?

நடந்தால் வகை அதிகம் கிடைக்கும். கதிர்க்குருவி, ஈப்பிடிப்பான் போன்ற சிறு பறவைகள் பெரும்பாலும் இரவில்தான் வலசை போகும். விடியும்போது கரையோர மரங்களில் இறங்கிப் பசியோடு பூச்சி தேடும். முந்தைய இரவு எதிர்க்காற்றோ மழையோ இருந்திருந்தால் இன்னும் நல்லது. மேற்கொண்டு பறக்க முடியாமல் கூட்டமாக இறங்கியிருக்கும். இவற்றை முதலில் காதுதான் கண்டுபிடிக்கும். பைனாகுலரைத் தூக்குவதற்குள் பாதி பறந்துவிடும், அது வேறு கதை.

உட்கார்ந்தால் வகை குறையும், ஆனால் காட்சி நிறையும். சேற்றில் ஓர் உள்ளான் வாலை ஆட்டி ஆட்டி நம் பக்கமே நடந்து வரும். மீன் பிடிக்கும் வேட்டைப் பறவையான விரால் அடிப்பான் கால்களை முன்நீட்டித் தண்ணீரில் பாய்ந்து, பிடித்த மீனின் தலை முன்னால் இருக்கும்படி திருப்பிக்கொண்டு பறக்கும். காற்றின் தடையைக் குறைக்கத்தான் அந்தத் திருப்பம். குளிர்ந்த, மேகமூட்டமான நாளில் பூச்சிகள் தண்ணீருக்கு மேலேயே சுற்றுவதால், அவற்றைப் பறந்தபடியே பிடிக்கும் தகைவிலான்கள் கண்மட்டத்தில் குறுக்கும் நெடுக்கும் பறப்பதையும் காணலாம்.

பட்டியல் நிரப்புகிறவர்கள் நடக்கட்டும். என் ஓட்டு உட்காருவதற்கே. ஒரே நாளில் இரண்டும் வேண்டுமென்றால், விடிந்து இரண்டு மணி நேரம் மரங்களுக்கு, வெயில் ஏறியபின் தண்ணீருக்கு. வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்காருங்கள். இல்லாவிட்டால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும்.