மெத்தென்று அமுங்கும் டிஸ்க் பிரேக்: ஏர் எடுக்கும் முறைகளில் எது எப்போது?

இருசக்கர வண்டியின் டிஸ்க் பிரேக் லீவர் இறுக்கம் இழந்து கைப்பிடி வரை வந்துவிட்டால் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: உடனே ஏர் எடுக்க (பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்ற) உட்காருகிறார்கள், அல்லது ஆயில் போகும் ரப்பர் குழாய்க்குப் பதிலாக ஸ்டீல் பின்னல் ஹோஸ் வாங்குகிறார்கள். இரண்டும் நல்ல வேலைதான், ஆனால் கோளாறுக்குப் பொருந்தினால் மட்டும். ஆகவே முறைகளை ஒப்பிடுவதற்கு முன் லீவர் எப்படி அமுங்குகிறது என்று பார்த்துவிடுவோம்.

வண்டியை நிறுத்திவைத்து லீவரை நாலைந்து முறை வேகமாக அடித்துப் பாருங்கள். அடிக்க அடிக்க இறுகி, சற்று விட்டதும் மறுபடி மெத்தென்று ஆனால் உள்ளே காற்று இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து, லீவரை லேசாக அழுத்தி அப்படியே பிடித்திருங்கள். அது மெல்ல மெல்லக் கீழிறங்கினால் எங்கோ கசிகிறது. ஹோஸ் முனைகள், கேலிப்பர் (பேடுகள் எனும் பிரேக் கட்டைகளால் டிஸ்க்கைக் கவ்வும் பகுதி), லீவரின் அடிப்பகுதி எங்கும் ஈரம் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் (லீவர் அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் பகுதி) கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல் தேய்ந்திருக்கிறது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு: சட்டென்று பலமாக அழுத்தினால் அந்த அழுத்தமே சீலின் விளிம்பைச் சுவரோடு ஒட்டவைத்துவிடும், பிரேக் நன்றாக இருப்பதாகத் தோன்றும். அதனால்தான் லேசாக அழுத்திப் பார்க்கச் சொல்கிறேன். இந்தச் சோதனையில் தோற்ற வண்டிக்கு எந்த முறையில் ஏர் எடுத்தாலும் பயனில்லை. கசியும் இடத்தைச் சரிசெய்ய வேண்டும், சீல் தேய்ந்திருந்தால் சீல் கிட் மாற்ற வேண்டும், அதுவரை வண்டியை ஓட்டக் கூடாது.

வண்டி ஓடிவந்த பிறகு முதல் அழுத்தல் மட்டும் ஆழமாகப் போய், இரண்டாவது சரியாக இருந்தால் டிஸ்க் வளைந்திருக்கலாம், வீல் பேரிங்கில் ஆட்டம் இருக்கலாம். அவை பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடுகின்றன. கேலிப்பர் நகரும் பின்கள் துருவேறி இறுகினாலும் பேட் கோணலாக உட்கார்ந்து லீவர் தொய்யும்.

குளிர்ந்திருக்கும்போது இறுக்கமாக இருந்து, நீண்ட இறக்கத்தில் பிரேக் போட்டபடி இறங்கியதும் தொய்ந்துபோகிறதா? அது பிரேக் ஆயிலில் சேர்ந்த தண்ணீரின் வேலை. டாட் 4 (டாட் எண் பிரேக் ஆயிலின் தர வகை) ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீரை உறிஞ்சிய நிலையில் அதற்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச எல்லை 155 டிகிரிதான். டாட் 3-க்கு இதே எண்கள் 205, 140. கொதித்த ஆயில் ஆவியாகிக் காற்றைப் போலவே அமுங்கும். இங்கே ஏர் மட்டும் எடுத்தால் போதாது. ஆயில் முழுவதையும் மாற்ற வேண்டும். ஆயில் தொட்டியின் மூடியில் அச்சிட்டிருக்கும் வகையையே ஊற்றுங்கள். டாட் 5 சிலிகான் வகை, மற்றவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 பெயரில் நெருங்கினாலும் அது டாட் 4-இன் குடும்பம்.

காற்றுதான் என்று உறுதியானால் முதலில் கையால் எடுக்கும் பழைய முறை. கேலிப்பரின் பிளீட் நிப்பிளில் (காற்றும் ஆயிலும் வெளியேறத் தளர்த்தும் சிறு திருகு) தெளிவான குழாய் மாட்டி, லீவரை அழுத்திப் பிடித்து, நிப்பிளைத் தளர்த்தி, இறுக்கிய பிறகே லீவரை விடுவது. ஒரு ஸ்பேனரும் பொறுமையும் போதும். ஆயில் மாற்றுவதற்கும் சிறிதளவு காற்றுக்கும் இதுவே என் முதல் தேர்வு. ஆனால் காற்று இயல்பாக மேலே ஏறும், இந்த முறையோ அதைக் கீழே தள்ளுகிறது. அதனால் மாஸ்டர் சிலிண்டரை ஒட்டிய பாஞ்சோ போல்ட்டில் (ஹோஸை இணைக்கும், உள்ளே துளையுள்ள போல்ட்) சிக்கிய குமிழி அசையாமல் நின்றுவிடும். ஹேண்டிலைத் திருப்பி அந்த இடம் உயரமாக இல்லாதபடி செய்து, லீவரைச் சிறுசிறு அசைவுகளாகத் தட்டினால் அது ஆயில் தொட்டிக்குள் வெளியேறும். பழைய வண்டியில் லீவரைக் கடைசி வரை அழுத்தி அடிக்காதீர்கள். சீல் வழக்கமாகப் போகாத துருப்பிடித்த பகுதிக்குள் போய்க் கிழியலாம்.

நிப்பிள் வழியே ஆயிலை உறிஞ்சி இழுக்கும் வேக்கம் பம்ப் வேகமானது, தனி ஆளாகச் செய்ய வசதி. அதன் குறை, நிப்பிளின் மரை வழியே வெளிக்காற்றையும் இழுப்பது. குமிழிகள் நிற்காமல் வரும், உள்ளே இன்னும் காற்று இருக்கிறதா என்று கண்ணால் தீர்மானிக்க முடியாது. ஆயிலை வேகமாக இழுக்க இதை வைத்துக்கொண்டு, கடைசிச் சில சுற்றுகளைக் கையால் முடிப்பதே சரி.

முழுவதும் காலியான அமைப்புக்கு, அதாவது கேலிப்பரையோ மாஸ்டர் சிலிண்டரையோ கழற்றி மாட்டிய பிறகு, சிரிஞ்சால் கீழிருந்து மேலே ஆயில் ஏற்றும் முறையை எதுவும் வெல்லாது. காற்று போக விரும்பும் திசையிலேயே அதைத் தள்ளுகிறோம். முதலில் சிரிஞ்சிலும் குழாயிலும் உள்ள காற்றை வெளியேற்றுங்கள், மேலே தொட்டியைப் பாதி காலியாக வையுங்கள். பொங்கி வழிந்தால் பெயின்ட் உரியும். பட்ட இடத்தை உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பழைய அழுக்கு ஆயில் இருக்கும் வண்டியில், குறிப்பாக ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ளதில், இதைச் செய்யாதீர்கள். கேலிப்பரில் தங்கிய கசடு மேலே ஏறிவிடும்.

இரவு முழுக்க லீவரைக் கட்டிவைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஏர் எடுத்த பின் எஞ்சிய நுண்குமிழிகளுக்கு அது சில நேரம் உதவுகிறது. கட்டவிழ்த்ததும் கிடைத்த இறுக்கம் ஓரிரு நாளில் மறைந்தால் காற்று வேறு வழியில் நுழைகிறது என்று கொள்ளுங்கள்.

எத்தனை முறை எடுத்தும் தொய்வு தீராவிட்டால் நிப்பிள் கேலிப்பரின் உச்சியில் இருக்கிறதா என்று பாருங்கள். சில பின்சக்கர கேலிப்பர்களைக் கழற்றி, பேடுகளுக்கு நடுவே ஒரு பலகை வைத்து, நிமிர்த்திப் பிடித்தால்தான் காற்று வெளிவரும். ஏபிஎஸ்ஸில் பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மாடுலேட்டருக்குள் காற்று புகுந்திருந்தால் பல வண்டிகளில் ஸ்கேன் கருவியால் பம்பை இயக்கி எடுக்க வேண்டியிருக்கும்.

ஸ்டீல் ஹோஸை இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான் வைப்பேன். பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் புடைப்பது உண்மை; ஒருவர் பலமாக பிரேக் பிடிக்க, இன்னொருவர் ஹோஸைக் கையால் பற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். வெடிப்போ புடைப்போ இருந்தால் தயங்காமல் மாற்றுங்கள், பாஞ்சோ போல்ட்டின் இருபுறமும் புது வாஷர் போடுங்கள். ஹோஸ் நன்றாக இருக்கும்போது ஸ்டீல் போட்டுக் கிடைக்கும் வித்தியாசம் சிறியது. அப்போது கண்ட முன்னேற்றத்தில் பெரும்பங்கு, ஹோஸ் மாற்றும்போது கூடவே ஊற்றிய புது ஆயிலாலும் ஏர் எடுத்ததாலும் வந்ததாக இருக்கலாம்.